பன்னிரண்டாவது சுவடு

2061 ஜூலை 18, திங்கட்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். தென்காசியில் சாரல், வெப்பம் இருபத்து மூன்று பாகை, காற்றின் ஈரப்பதம் தொண்ணூற்று நான்கு விழுக்காடு. இவை யாவும் ஆய்வறிக்கையின் முதல் வரியில் உள்ளன. கீழ ரத வீதியிலுள்ள சாரல் மெஸ்ஸின் சமையற்கூடத்தில் அப்போது எத்தனை பேர் பணியில் இருந்தனர் என்னும் இரண்டாவது வரியில்தான் சிக்கல் தொடங்கியது.

"பன்னிரண்டு," என்றார் ஆய்வு அலுவலர் இளம்பரிதி.

"பதினொண்ணு சார்," என்றாள் மெஸ்ஸின் உரிமையாளரான தர்ஷினி. "நான் ஒண்ணு, வேலையாளுக பத்து. எண்ணிப் பாத்துக்கிடுங்க. எல்லாரும் வரிசையாத்தான நிக்காவ."

இளம்பரிதி எண்ணிப் பார்க்கவில்லை. கண்ணால் எண்ணுவதை உணவகத் தூய்மை ஆணையம் கைவிட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் கையிலிருந்தது சுவடறி. செங்கல் அளவு பெட்டி, முன்புறம் தும்பிக்கை போல் ஒரு குழாய்.

மனிதத் தோலின்மேல் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. அவற்றின் கலவை ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவர் நின்ற இடத்திலும் தொட்ட பொருளிலும் அக்கலவை சிறிதளவு படிந்துவிடும். அப்படிவுக்கு உயிர்ச்சுவடு என்று பெயர். சுவடறி முகர்ந்து பார்த்து, இன்னார், இத்தனை மணிக்கு, இவ்விடத்தில் என்று சொல்லிவிடும். கையெழுத்தைக் கள்ளமாகப் போடலாம், முகத்தைக்கூட மாற்றிக்கொள்ளலாம், சுவடு பொய் சொல்லாது என்பது நாட்டின் நம்பிக்கை. வீட்டுக் கதவுகள் சுவடு பார்த்தே திறந்தன. அரசாணைகளிலும் ஒப்பம் என்பது சுவடுதான்: அலுவலர் கட்டைவிரலை வைப்பார், பெயரைக் கருவி தானே அச்சிடும்.

உணவகங்களுக்கான விதியும் எளியது. சமையற்கூடத்தில் படியும் ஒவ்வொரு சுவடும், நோய்ச் சோதனை முடித்துப் பதிவேட்டில் ஏறிய ஒருவருடையதாக இருக்க வேண்டும். இல்லையேல் முப்பது நாள் தவணை. அதன் பின்னும் அயற்சுவடு இருந்தால் நிலையான பூட்டு. பெருநகரங்களில் ஒன்பதாண்டுகளாக இருந்த இவ்விதி இவ்வாண்டுதான் தென்காசிக்கு வந்திருந்தது. சென்னையிலிருந்து இளம்பரிதியும் அதனுடன் வந்திருந்தார்.

"இன்னிக்குக் காலைல நாலு மணி பத்து நிமிஷம்," என்று அவர் திரையைப் பார்த்துப் படித்தார். "மாவு அண்டாவோட விளிம்பு, உள்பக்கம், கரண்டிப் பிடி, இட்லித் தட்டு இருபத்தாறு. இந்தக் கூடத்துலயே அதிகமா வேலை செஞ்சிருக்கிறவர் அந்தப் பன்னிரண்டாவது ஆள்தான்."

"அதிகமா வேல செஞ்சிருக்காரா?" என்றாள் பாத்திரம் கழுவும் ஜெபசெல்வி. "அப்பம் எங்க ஆளு இல்ல சார் அது. நிச்சயமா வெளியாளுதான்."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. இளம்பரிதி சிரிக்கவில்லை. தவணை அறிவிப்பில் கட்டைவிரலை வைத்தார். அவர் பெயர் அச்சாயிற்று. பிறகு தம் பையிலிருந்து ஒரு சிறு குப்பியை எடுத்து, அதிலிருந்த நீல நிறக் கரைசலால் கைகளை விரல் விரலாகக் கழுவினார். ஆணையம் வழங்கும் வெறுங்கைக் கரைசல் அது. அதில் கழுவிய கையில் ஓர் உயிரும் மிஞ்சாது. நாளொன்றுக்கு நாற்பது முறை கழுவுவது அலுவலர்களுக்குக் கட்டாயம். அவருடைய உள்ளங்கைகள் தாள் போல் வெளுத்திருந்தன. ரேகைகள் பாதி மறைந்திருந்தன.

அன்றிலிருந்து ஒரு வாரம் சாரல் மெஸ் பன்னிரண்டாவது ஆளைத் தேடியது. தர்ஷினி பின்கதவின் பூட்டை மாற்றினாள். புகைபோக்கியின் வாய்க்குக் கம்பிவலை அடித்தாள். அரிசி மூட்டைகளை நகர்த்தி, அவற்றுக்குப் பின்னால் ஓர் ஆள் ஒளிய இடமில்லை என்று உறுதி செய்துகொண்டாள். மறுநாளும் நகர்த்திப் பார்த்தாள். கண்காணிப்புக் கண்ணின் பதிவுகளில் ஒவ்வொரு நாளும் நான்கு மணி பத்து நிமிடத்துக்கு ஒரே காட்சிதான் இருந்தது. இட்லி மாஸ்டர் சுடலைமுத்து வருகிறான். கழுவிய கையைத் துடைத்துக்கொள்கிறான். அண்டாவின் மூடியைத் திறந்து, பொங்கி நிற்கும் மாவை முழங்கை வரை கைவிட்டுக் கலக்குகிறான். வேறெவரும் இல்லை.

நான்காம் நாள் பதிவில், கலக்கி முடித்ததும் அவன் கரண்டியை அண்டா விளிம்பில் மூன்று முறை தட்டினான். தர்ஷினி படத்தை நிறுத்தினாள். ஏன் நிறுத்தினாள் என்று அவளுக்கே விளங்கவில்லை. மீண்டும் ஓடவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை இளம்பரிதி வந்தார். பன்னிரண்டாவது சுவட்டைத் தேசியச் சுவடுப் பதிவகத்துக்கு அனுப்பியிருந்தார், பதில் வந்திருந்தது.

"பேர் ஆவுடையப்பன். வயசு எழுபத்தொண்ணு. தொழில், சமையல். நிலை…" என்று நிறுத்தி, அடுத்த சொல்லை இருமுறை படித்தார். "நிலை, முடிந்தது. போன வருஷம் மே பன்னிரண்டு."

கிரைண்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் யாரோ நிறுத்தினர்.

"உசுரோட இருக்கும்போதே ஒரு நாளு லீவு போடாத மனுசன்," என்றாள் ஜெபசெல்வி. "செத்ததுக்காவ போட்டுருவாரு?"

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. சுடலைமுத்து கையை வேட்டியில் துடைத்தான், மீண்டும் துடைத்தான். "நான் சொன்னேம்லா யக்கா," என்றான். "காலம்பற அண்டாவத் தொறந்தா ஒரு மூச்சு வரும். அது மாவு விடுத மூச்சு இல்ல."

ஆவுடையப்பன் அங்கே இருபத்தாறு ஆண்டுகள் சரக்கு மாஸ்டராக, தலைமைச் சமையற்காரராக, இருந்தவர். 'மூதி' என்னும் ஒரே வசைச்சொல்லால் அனைவரையும் அழைத்தவர். வாடிக்கையாளர்களுக்கும் அதில் விலக்கில்லை. உரிமம் தர்ஷினியின் பெயரில் இருந்தது. மெஸ் அவர் கையில் இருந்தது. பத்தாண்டுகளுக்கு முன் ஒருநாள் அவர் கல்லாவின் முன்னால் வந்து நின்று, "உரிமத்துல எம்பேரயும் போடுங்க. ஒரு ஓரத்துல கெடந்தாப் போதும்," என்றார். அவள் சிரித்துவிட்டாள். இழிவுபடுத்தும் நோக்கம் இல்லை; சிரிப்பு வந்துவிட்டது. அவர் மறுபேச்சின்றித் திரும்பிப் போனார். உள்ளே கரண்டி அண்டாவின் விளிம்பில் மூன்று முறை விழுந்தது. அதன் பிறகு அவர் அப்பேச்சை எடுக்கவேயில்லை. அவர் இறந்த பின்பு வந்த பதினான்கு மாதங்களில்தான், நாற்பத்தெட்டு வயதில், தர்ஷினி தன் மெஸ்ஸில் முதன்முறையாக உரத்துப் பேசினாள். இப்போது அவளிடம் இருந்தவை இரண்டுதான்: தன் பெயரில் ஓர் உரிமம், அதைத் தன் குரலில் நடத்தும் துணிவு. அவற்றை ஓர் இறந்தவரிடம் இழக்க அவள் ஆயத்தமாக இல்லை.

அவள் கண்கள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த பித்தளைச் சொம்பின்மீது போய் நின்றன.

மெஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு நாளும் காலை மாவில் ஒரு சொம்பு எடுத்து வைத்து, மாலையில் அரைக்கும் புது மாவோடு கலப்பார்கள். ஆவுடையப்பன் ஏற்படுத்திய வழக்கம். அவர் இறந்த அன்றும் அவர் கலக்கிய கடைசி அண்டாவிலிருந்து யாரோ ஒரு சொம்பு எடுத்து வைத்தனர். அதிலிருந்து மறுநாள், அதிலிருந்து அதற்கு மறுநாள். நானூற்று முப்பத்தொன்பது நாள்.

"சார்," என்றாள் மெதுவாக. "அவரு கையில இருந்ததெல்லாம் அண்டாவுக்குள்ளதான இருந்திருக்கும்?"

அவள் சொம்பின் வழக்கத்தைச் சொல்லி முடித்ததும் இளம்பரிதி குனிந்து அதற்குள் பார்த்தார். "இருக்கும்," என்றார். "அரிசியையும் உளுந்தையும் தின்னு பெருகிட்டே இருந்திருக்கும். உடம்பைத்தான் எரிச்சிருக்கீங்க. அவர் கைக்கு நீங்க தினமும் சாப்பாடு போட்டுட்டு வந்திருக்கீங்க."

"அப்பம் அவரயும் பதிவேட்டுல ஏத்திருங்க. பதிவான ஆளா ஆயிருவாருல்லா?"

அவள் எரிச்சலில் கேட்டது அது. இளம்பரிதிக்கோ எந்தக் கேள்வியும் விதியைப் பற்றிய கேள்விதான். கைப்பலகையில் உட்பிரிவுகளைத் தேடினார். "மூணு நிபந்தனை. நோய் இருக்கக் கூடாது, இல்லை. வேற இடத்துல வேலை செய்யக் கூடாது, செய்யலை. மூணாவது, நேர்ல வந்து படிவத்துல கட்டைவிரல் வைக்கணும்."

"உசுரோட இருக்கணும்னு இல்லியா சார்?" என்றாள் ஜெபசெல்வி.

"இல்லை. அப்படி யாரும் கேட்டதில்லை." அவர் கைப்பலகையை மூடினார். "மாவைக் கொட்டிடுங்க. சொம்பை எறிஞ்சிடுங்க. எல்லாரும் அரை மணிக்கு ஒரு தடவை வெறுங்கைக் கரைசல்ல கழுவுங்க. ஆகஸ்டு பதினேழு வருவேன்."

அன்று பிற்பகல் நாற்பது லிட்டர் மாவைச் சாக்கடையில் கொட்டினர். மாவு உடனே ஓடிவிடவில்லை. சாரல் நீரில் கலந்து, வெளுத்து, மெல்லப் பொங்கி, வாய்க்காலின் விளிம்பு வரை ஏறி நின்றது. அது வடிய ஒரு மணிநேரம் ஆயிற்று. அதுவரையில் ஒருவரும் உள்ளே போகவில்லை. போக வேண்டாம் என்று எவரும் சொல்லவுமில்லை.

புது மாவு பொங்கவில்லை. கரைசலில் கழுவிய கைகளில் மாவைப் பொங்கச் செய்ய எதுவும் இல்லை. மூன்று நாட்கள் அண்டாவைத் திறந்தபோதெல்லாம் மாவு, முந்தைய மாலை எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டத்தில் கிடந்தது. இட்லிகள் வட்டமான கற்களாக வந்தன. "ஏம்மா," என்றார் அன்றாடம் வரும் ஓர் ஆசிரியர், இட்லியைத் தட்டில் தட்டிக் காட்டி. "இத இங்கேருந்து எறிஞ்சா குத்தாலத்துல குளிக்கவன் மண்டையில போய் விழும்." மூன்றாம் நாள் பத்து மணிக்கே மேசைகள் காலியாக இருந்தன.

வெள்ளிக்கிழமை காலை மாவு பொங்கியிருந்தது.

அண்டாவின் மூடி ஒரு விரற்கடை உயர்ந்து நின்றது. தர்ஷினி குனிந்தாள். அப்புளிப்பு மணத்தை அவள் அறிவாள். இருபத்தேழு ஆண்டுகளாக அறிவாள். நிமிர்ந்து சுடலைமுத்துவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"வீட்டு பிரிட்ஜுல ஒரு டம்ளரு கெடந்துச்சு யக்கா," என்றான். "எம்பொண்டாட்டி தோசைக்குன்னு எடுத்து வச்சிருந்தா."

கொட்டச் சொல்லியிருக்கலாம். கூடத்தில் முதல் பந்திக்கு ஆட்கள் வந்து அமர்ந்துகொண்டிருந்தனர். அண்டாவை ஆய்வன்று காலை மாற்றிவிடலாம். கையில் ஒட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று அவள் கணக்கிட்டாள்.

"கைய நல்லாக் கழுவுங்க," என்றாள். "அரை மணிக்கு ஒரு தடவ இல்ல. கால் மணிக்கு."

அவள் செய்த பிழை தூய்மையின்மேல் கொண்ட நம்பிக்கையால் நேர்ந்தது. மனிதத் தோல் ஏற்கெனவே குடியேறிய நிலம். புதிதாக வரும் உயிருக்கு அங்கே எளிதில் இடம் கிடைக்காது. கரைசல் அந்நிலத்தைக் கால் மணிக்கு ஒருமுறை காலி செய்தது. காலியான நிலத்துக்குப் பக்கத்தில், ஓர் அண்டா நிறைய, ஒரே ஒருவர் காத்திருந்தார்.

ஆகஸ்டு 3 அன்று, வாயிலில் சுவடு பார்த்துப் பெயர் குறிக்கும் வருகைப் பலகை ஒன்பது பெயர்களையே காட்டியது. பதினொரு பேரும் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தனர். கரைசலின் விளைவாயிருக்கும் என்று தர்ஷினி நினைத்தாள். ஐந்தாம் தேதி ஆறு பெயர்கள். பதிவகத்தின் பதில் மெஸ்ஸின் கோப்பில் சேர்ந்துவிட்டதால், பலகை இப்போது ஏழாவது பெயர் ஒன்றையும் காட்டியது. அப்பெயருக்கு எதிரே, 'வருகை: 5 முறை' என்றிருந்தது.

ஆறாம் தேதி ஜெபசெல்வி தாமதமாக வந்தாள். தலை நனைந்திருந்தது.

"நாப்பது வருசமாக் குடியிருக்குத வீடு யக்கா. நேத்துச் சாயங்காலம் கதவுல கைய வச்சா, 'தாங்கள் யார்?'ங்குது. நான் யாராம்! கதவச் செஞ்சவனுக்கே சோறு போட்டவ நானு. எம்மருமவ சன்னல் வழியாப் பாத்துச் சிரிக்கா. 'தொறடி மூதி'ன்னு கத்துனேன் பாருங்க…" அங்கே நிறுத்தினாள். அவள் முகம் மாறியது. "நான் அந்தச் சொல்லச் சொன்னதே கெடையாது யக்கா. அந்த ஆளு சொல்லிச் சொல்லி, காதால கேக்கவே எனக்குப் பிடிக்காது."

அதன் பிறகு தர்ஷினி கவனித்துக் கேட்கத் தொடங்கினாள். சப்ளையர்கள் அச்சொல்லைச் சொன்னார்கள். காய் நறுக்குபவன் சொன்னான். சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடியிருந்தது. பதினான்கு மாதங்களுக்கு முன் கூடியிருந்ததைப் போலவே. வாடிக்கையாளர்கள் மகிழ்ந்தனர். 'பழைய ருசி திரும்பிட்டு' என்றார் அந்த ஆசிரியர். யாரையும் குறை சொல்ல முடியவில்லை. எல்லாரும் நன்றாக வேலை செய்தனர். முன்பு செய்ததைவிட நன்றாகவே செய்தனர். ஒருவரும் விடுப்புக் கேட்கவில்லை.

எட்டாம் தேதி மாலை, சாரலில், தன் வீட்டு வாசலில் தர்ஷினி நின்றாள். கதவில் உள்ளங்கையை வைத்தாள். பச்சை விளக்கு எரியவில்லை. சேலை முந்தானையால் துடைத்து மீண்டும் வைத்தாள். உள்ளிருந்து அவள் கணவர்தான் திறந்தார்.

"யாரோன்னு நெனச்சேன்," என்றார். "கதவு வெளியாளுன்னு சொல்லிச்சு. என்ன, கையில மாவு வாடை இந்த அடி அடிக்கி?"

அவள் குளியலறைக்குப் போய்க் கரைசலில் கைகளைக் கழுவினாள். முகர்ந்தாள். மீண்டும் கழுவினாள். கழுவக் கழுவ வாடை தெளிவாயிற்று.

மறுநாள் வருகைப் பலகையில் இருந்தது இவ்வளவுதான்: 'நபர் 1. வருகை 11 முறை.'

ஆய்வுக்கு முன் மூன்று காலை நேரில் இருந்து பார்ப்பது விதி. ஆகஸ்டு 10 முதல் இளம்பரிதி அண்டாவுக்கு அருகே முக்காலி போட்டு அமர்ந்தார். எதுவும் உண்ணவில்லை, தண்ணீரும் தாமே கொண்டுவந்தார். குச்சியை மாவில் தோய்த்து மாதிரி எடுத்தார். இரண்டாம் நாள் ஒரு துளி அவர் மணிக்கட்டில் சிந்தியது. துடைத்தார், கழுவினார், மீண்டும் கழுவினார். அவ்வறையிலிருந்த கைகளிலெல்லாம் மிகுந்த வெறுமையுடையவை அவருடையவையே.

மூன்றாம் நாள் அவர் எழுந்தபோது கைப்பலகை நழுவித் தரையில் விழுந்தது.

"மூதி," என்றார்.

சென்னையில் பிறந்து வளர்ந்த அவருக்கு, தாம் சொன்ன சொல்லின் பொருள் தெரியவில்லை. பிறகு தர்ஷினியிடம், "அப்படின்னா என்னங்க?" என்று கேட்டார். அவள் விழுந்த கைப்பலகையை எடுத்து நீட்டினாள்.

2061 ஆகஸ்டு 17, புதன்கிழமை, காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். சாரல் ஓய்ந்திருந்தது, வானம் மூடியிருந்தது. பழைய அண்டாவை முந்தைய மாலையே வெளியேற்றிவிட்டு, புது அண்டாவைப் பளபளவென்று வைத்திருந்தாள் தர்ஷினி. சுவர்களைச் சுரண்டிக் கழுவியிருந்தனர். தட்டுகள் புதியவை. கரண்டி புதியது. பதினொரு பேர் வரிசையாக நின்றனர். சுவடறி கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி முகர்ந்தது.

"ஒருவர்," என்றார் இளம்பரிதி.

யாரும் வியக்கவில்லை.

"பதிவானவங்க பதினொரு பேர். அதுல ஒருத்தர்கூட இன்னிக்கு இங்க இல்லை. பதிவாகாதவர் ஒருத்தர். அவர் மட்டும் இருக்கார்." அவர் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "விதிப்படி நான் பூட்டணும்."

"எங்களப் பாருங்க சார்," என்றாள் ஜெபசெல்வி. "கண்ணுக்குத் தெரியுதோமா, இல்லியா?"

"தெரியறீங்க. ஆனா என் கண்ணு சான்று ஆகாது."

தர்ஷினி ஓரடி முன்னால் வந்தாள். முப்பது நாட்களாக அவள் துரத்திய ஒருவரை இப்போது வரவேற்க வேண்டியிருந்தது. "பதிவுப் படிவம் குடுங்க சார். நேர்ல வந்து கட்டைவிரல் வச்சாப் போதும்னு நீங்கதான சொன்னீய."

இளம்பரிதி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, விதியில் இருப்பதை மறுக்க முடியாதவராய், படிவத்தைத் திறந்து நீட்டினார். அவள் சுடலைமுத்துவைப் பார்த்தாள். அவன் வந்து பணியாளருக்கான கட்டத்தில் கட்டைவிரலை வைத்தான். தன் பெயருக்கே வைப்பது போல் வைத்தான். அதுதான் அவளுக்கு அச்சமாக இருந்தது. திரையில் எழுத்துகள் தோன்றின: 'ஆவுடையப்பன். சுவடு பொருந்துகிறது. நோய் இல்லை.'

அடுத்தது உரிமையாளருக்கான கட்டம். தர்ஷினி தன் கட்டைவிரலை வைத்தாள்.

'ஆவுடையப்பன். சுவடு பொருந்துகிறது. உரிமத்தில் உள்ள பெயர் வேறு. உரிமத்தின் பெயரை மாற்றவா? இல்லையெனில் விண்ணப்பம் தள்ளுபடி ஆகும்.'

கீழே இரண்டு கட்டங்கள் இருந்தன: ஆம், இல்லை.

பத்தாண்டுகளுக்கு முன் கல்லாவின் முன்னால் நின்ற மனிதரை அவள் நினைத்தாள். ஓர் ஓரத்தில் கிடந்தால் போதும் என்றார். அன்று அவள் சிரித்த சிரிப்பு இப்போது தன் தொண்டைக்குள்ளேயே யாரோ சிரிப்பது போல் எழுந்தது, அடக்கிக்கொண்டாள். 'இல்லை' என்று அழுத்தினால் இன்று பூட்டு. பதினொரு பேரும் தெருவில். 'ஆம்' என்று அழுத்தினால் மெஸ் இருக்கும். அவளும் இருப்பாள், அவளாக இருக்க மாட்டாள், அவ்வளவே.

'ஆம்' என்பதை அழுத்தினாள்.

"மத்தவங்க பதினொரு பேரும்?" என்று கேட்டாள்.

"பதிவேட்டிலேர்ந்து நீக்கம். இனிமே அவங்க இங்க வந்தா அயற்சுவடு." இளம்பரிதி வரிசையைப் பார்த்தார். "ஆனா அவங்க யாரும் வரலையே."

எஞ்சியிருந்தது அலுவலரின் ஒப்பம். இளம்பரிதி கட்டைவிரலைத் தூக்கி, கருவிக்கு மேலே, காற்றில் நிறுத்தினார். அங்கேயே வைத்திருந்தார்.

"மூணு நாளா, இங்க நான் குடியிருக்கிற வீட்டுக் கதவும் திறக்கலைங்க," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "லாட்ஜுல தங்கியிருக்கேன். அங்க பழைய சாவிப் பூட்டு."

"அப்பம் கருவி தப்புன்னு எழுதிருங்க சார். நீங்க எழுதினா நம்புவாவ."

"எழுதலாம். ஒன்பது வருஷத்துல இந்தக் கருவி சொன்னதை நம்பி நானூத்திப் பன்னிரண்டு உணவகங்களைப் பூட்டியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் எதிர்ல நின்னவங்க, எங்களைப் பாருங்க சார்னுதான் சொன்னாங்க. இன்னிக்குத் தப்புன்னு எழுதினா…" வெளுத்த தம் கையை அவர் பார்த்துக்கொண்டார். "அன்னிக்கெல்லாம் என்னன்னு எழுதுறது?"

கட்டைவிரலை வைத்தார்.

கருவி ஒரு கணமும் தயங்கவில்லை. முடிவாணை மெல்ல வெளியே வந்தது. தர்ஷினி தலைகீழாகவே அதைப் படித்தாள். சாரல் மெஸ், கீழ ரத வீதி: தேர்ச்சி. அயற்சுவடு: இல்லை. பணியாளர்: ஆவுடையப்பன். உரிமையாளர்: ஆவுடையப்பன். ஆய்வு செய்து ஒப்பமிட்டவர்: ஆவுடையப்பன். இம்மூவரும் ஒருவராக இருப்பார் என்று விதியை எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை; எதிர்பாராததை விதி தடுப்பதில்லை. ஆணையின் அடியில், 'இம்முடிவு இறுதியானது. மேல்முறையீடு இல்லை' என்று வழக்கம்போல் அச்சாகியிருந்தது.

இளம்பரிதி மூன்று பெயர்களையும் படித்தார். முகத்தில் எதுவும் அசையவில்லை. ஒரு கடமைதான் மிச்சமிருந்தது. ஆணையை உரிமையாளரிடம், பெயர் கேட்டு உறுதிசெய்து, நேரில் கொடுக்க வேண்டும்.

"பேர்?" என்று கேட்டார்.

தர்ஷினி வாயைத் திறந்தாள். அவள் பின்னால், புது அண்டாவின் விளிம்பில், கரண்டி மூன்று முறை விழுந்தது. பத்துப் பேரில் தட்டியது யார் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆவுடையப்பன்," என்றாள்.

அவர் ஆணையைக் கொடுத்தார்.